சந்தா கட்டும் முன்: தொழில்நுட்ப நூலகருக்கு எந்தச் சங்கம்?

வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆவதற்குள் உங்கள் மேசைக்கு உறுப்பினர் படிவங்கள் வந்துவிடும். ஒன்றை உங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் அனுப்பியிருப்பார். இன்னொன்றைப் பக்கத்துக் கல்லூரி நூலகர் நேரில் கொண்டுவந்து, "தம்பி, நீங்களும் சேர்ந்திடுங்க, எல்லாரும் இருக்கோம்" என்பார். மூன்றாவது ஏதாவது ஒரு கருத்தரங்கப் பையில் கிடக்கும். கேட்டவர்கள் எல்லாம் வேண்டியவர்கள். மறுக்க மனம் வராது. அப்படித்தான் பலரும் மூன்று நான்கு சங்கங்களில் ஆயுள் சந்தா கட்டிவிட்டு, பத்து வருடம் கழித்து அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர், பட்டியல் மென்பொருளை மேம்படுத்துகிறவர், ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து களஞ்சியத்தில் ஏற்றுகிறவர், மின்னிதழ் திறக்கவில்லை என்றால் முதல் தொலைபேசி அழைப்பை எடுக்கிறவர். இவர்களுக்காக எழுதிய அத்தியாயம் இது. இவர்களுக்குச் சங்கம் மற்ற நூலகர்களைவிடக் கூடுதலாகத் தேவை, ஏனென்றால் வளாகத்தில் இவர்கள் தனி ஆள். கணினித் துறையில் போய்க் கேட்டால், "அது உங்க லைப்ரரி சாஃப்ட்வேர் சார், எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். சக நூலகர்களிடம் கேட்டால், "கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் நீங்கதானே பாக்கறீங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயமான பதில்தான். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேம்படுத்தல் பாதியில் நின்றுபோனால் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்?

சங்கத்தைத் தேர்ந்தெடுக்க நான் கைக்கொள்ளும் அளவுகோல் இந்தக் கேள்விதான். இது எனக்கு எப்படிப் பிடிபட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தமிழ்ப் பதிவுகளை மாற்றியிருந்தோம். ஒருநாள் காலையில் ஒரு மாணவி வந்து, "சார், பொன்னியின் செல்வன் இல்லைன்னு காட்டுது" என்றார். எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஐந்து பாகமும் இருந்தன. தட்டிப் பார்த்தேன், முடிவுகள் இல்லை. ஆசிரியர் பெயர் வழியாகத் தேடினால் நூல் வந்தது. திரையில் தெரிந்த 'பொன்னியின்' என்ற சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் கிடைத்தது. நானே தட்டினால் கிடைக்கவில்லை. இரண்டு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து உற்றுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட வேறுபடவில்லை.

அப்போது நான் இரண்டு சங்கங்களில் உறுப்பினர். இரண்டுக்கும் எழுதினேன். இரண்டிலும் நல்லவர்கள் இருந்தார்கள், அன்போடு பதில் எழுதினார்கள். ஆனால் இந்தச் சிக்கலைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் அங்கே இல்லை. விடை கிடைத்தது தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். சொன்னவர் நூலகரே அல்லர். மடிக்கணினியில் இரண்டு சொல்லையும் ஒட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இருக்கும் எண்ணைக் காட்டினார். யூனிகோடில் ஒகரக் குறிக்கென்று தனியாக ஓர் எண் உண்டு. ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் அதே வடிவத்தைக் கொண்டுவரலாம். கண்ணுக்கு இரண்டும் 'பொ'. கணினிக்கு ஒன்று இரண்டு எண், மற்றொன்று மூன்று எண். எங்கள் பழைய பதிவுகள் மூன்று எண்ணில் இருந்தன. மாணவியின் விசைப்பலகை இரண்டு எண்ணில் தட்டியது. எழுத்துகளை ஒரே முறைக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' என்ற ஒரு படி நடுவில் விட்டுப்போயிருந்தது. பேக்கப் எடுத்துவிட்டு ஒரு சிறு நிரலை ஓட்டினோம், ஓர் இரவில் சரியானது.

அதோடு முடியவில்லை. அவரே இன்னொன்றையும் காட்டினார். எழுத்தாளர் மௌனியின் நூல்கள் எங்கள் பட்டியலில் இரண்டு பெயர்களின் கீழ்ப் பிரிந்து கிடந்தன. பாதிப் பதிவுகளில் ஔகாரக் குறியோடு 'மௌனி'. மீதிப் பாதியில் ஒற்றைக்கொம்பும் மகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டிய 'மெளனி'. இதை நார்மலைசேஷன் சரிசெய்யாது, ஏனென்றால் ளகரம் உண்மையிலேயே வேறு எழுத்து. "கொம்புக்குப் பிறகு ள வந்தால் ஔகாரமாக மாற்று" என்று கணினிக்குக் கட்டளை போடவும் கூடாது. போட்டால் வெள்ளமும் தெளிவும் பெயர்கெட்டுப் போகும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினோம். மூன்று வாரம் ஆனது.

சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையையும் வயதையும் இரண்டாவதாக வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் சிக்கலைத் தன் கையாலும் தொட்டவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சேருமுன் உங்கள் நூலகத்தில் கடந்த ஓராண்டில் உங்களைத் திணறவைத்த ஐந்து சிக்கல்களை ஒரு தாளில் எழுதுங்கள். சர்வர் நின்றது, பார்கோடு இரட்டிப்பானது, களஞ்சியத்தில் தமிழ்த் தலைப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தது, வீட்டிலிருந்து மின்னிதழ் திறக்கவில்லை, எதுவாக இருந்தாலும் சரி. பிறகு நீங்கள் யோசிக்கும் சங்கத்தின் கடந்த இரண்டு மாநாட்டு நிகழ்ச்சிநிரல்களை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். ஐந்தில் ஒன்றாவது அங்கே பேசப்பட்டதா? பேசியவர் அதை நடத்துகிறவரா, அல்லது விற்கிறவரா? விற்பனையாளர்கள் அரங்குக்கு வருவதில் தவறில்லை, மாநாட்டுச் செலவில் ஒரு பகுதியை அவர்கள் ஏற்பதுண்டு. ஆனால் தொழில்நுட்ப அமர்வு என்று போட்டிருப்பதெல்லாம் அவர்களுடைய விளக்கவுரை என்றால், அதைக் கேட்க நீங்கள் சந்தா கட்ட வேண்டியதில்லை. கூப்பிட்டால் அவர்கள் உங்கள் நூலகத்துக்கே வந்து பேசுவார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழைய பொதுச் சங்கங்கள் பயனற்றவை என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். அது பெரிய தவறாகிவிடும்.

சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தொடங்கியது. அதன் செயலாளராக இருந்து அதை நடத்தியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். அந்தச் சங்கம் செய்தவற்றைப் பாருங்கள். 1929-இல் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதைப் பின்னர் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள் நூல் 1931-இல் வந்தபோது வெளியிட்டது இந்தச் சங்கம். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது. அன்றைக்கு இருந்த தொழில்நுட்பம் மாட்டு வண்டி. அதைக்கொண்டு வாசகரைத் தேடிப் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்த நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். நாம் சொத்துவரியோடு சேர்த்து இன்றைக்கும் செலுத்தும் நூலக வரி அந்தச் சட்டத்தின் வழி வந்தது.

ஒரு தனி நூலகர், அவர் ரங்கநாதனாகவே இருந்தாலும், சட்டம் கொண்டுவர முடியாது. பணியிடங்களை நிரப்பச் சொல்லி அரசிடம் மனு கொடுப்பது, ஊதிய விகிதம் கேட்பது, "நூலகத்துக்குக் கணினி ஆள் எதற்கு" என்று கேட்கும் நிர்வாகத்துக்குப் பதில் சொல்வது, இவையெல்லாம் கூட்டாகத்தான் நடக்கும். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் "அங்கே பழைய ஆட்கள்தான் இருக்கிறார்கள்" என்று ஒதுங்கினால், உங்கள் வேலையைப் பற்றிய கோரிக்கையை உங்கள் வேலை தெரியாதவர்கள் எழுதுவார்கள். ஆகவே உங்கள் மாநிலத்தின் அல்லது நாட்டின் பொதுச் சங்கம் ஒன்று, உங்கள் சிக்கல்களைக் கையால் தொடும் குழு ஒன்று, ஆக இரண்டு போதும். மூன்றாவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு நல்ல பயிற்சிக்குப் போகலாம்.

தேசிய அளவில் இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். இந்திய நூலகச் சங்கம் 1933-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. எல்லா வகை நூலகருக்கும் பொதுவானது. ஐயாஸ்லிக் என்று சுருக்கிச் சொல்லப்படும், சிறப்பு நூலகங்களுக்கும் தகவல் மையங்களுக்குமான சங்கம் 1955-இல் அதே நகரில் உருவானது. ஆய்வு நிலையம், தொழிற்சாலை, வங்கி போன்ற இடங்களில் நூலகராக இருப்பவர்களுக்கு இது நெருக்கம். இவற்றோடு இன்ஃப்லிப்நெட்டையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. அது சங்கம் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1991-இல் தொடங்கி, காந்திநகரில் இயங்கும் மையம். சோல் மென்பொருள், ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம், கேலிபர் மாநாடு எல்லாம் அதனுடையவை. அங்கே உங்களுக்கு வாக்கு கிடையாது. ஆனால் அங்கே பயிற்சி பெற எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்க வேண்டிய தேவையும் கிடையாது. இந்த வேறுபாடு தெரிந்தால் "சேர்ந்தால்தான் பயிற்சி" என்று யாராவது சொல்லும்போது குழம்பமாட்டீர்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேர்வு எளிது. 1960-இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் 1974-இல் தனிச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. தமிழிலும் படிக்கக்கூடிய நூலகவியல் கற்கைகளை அதுவே நடத்துகிறது. ஆவணங்களை மின்னாக்கும் வேலையில் கை பழக வேண்டும் என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். உங்கள் நூலகம் கோஹாவில் ஓடுகிறது என்றால் உங்கள் முதல் கூட்டம் கோஹா சமூகம். நியூசிலாந்தில் ஹொரோஃபெனுவா என்ற வட்டாரத்தின் பொது நூலகங்களுக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் இது. கோஹா என்பது மாவோரி மொழியில் அன்பளிப்பைக் குறிக்கும் சொல். இங்கே சந்தா இல்லை, படிவம் இல்லை, ஆயுள் உறுப்பினர் அட்டை இல்லை. பிழை கண்டால் பதிவு செய்யலாம், பிறர் திருத்தியதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று ஒப்பமிடலாம், திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருவது இப்படிப் பலர் கொடுக்கும் உழைப்பால்தான். இவர்களின் உலக மாநாடு 2011-இல் மும்பையை ஒட்டிய தாணேயில் நடந்தது. களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு சமூகம் உண்டு. எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட மென்பொருள் அது.

தமிழ்ப் பதிவுகள் கையாளும் எவரும் நூலகத் துறைக்கு வெளியேயும் ஒரு காலை வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000-இல் தொடங்கியது. தமிழ் இணைய மாநாடுகளை நடத்துவது அது. எழுத்துரு, குறியாக்கம், அகரவரிசை, எழுத்துணரி என்று நம் பட்டியலின் அடித்தளத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பற்றி அங்கே பேசுகிறார்கள். நூலகர்கள் அங்கே குறைவு. ஆனால் எந்த எழுத்து எங்கே உடைகிறது என்பதற்கு நம்மிடம்தான் பல்லாயிரம் சான்றுகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு போனால் மதிப்போடு கேட்பார்கள். ஊர்களில் கூடும் லினக்ஸ் பயனர் குழுக்களும் அப்படித்தான்.

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் அமெரிக்க நூலகச் சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவு லிடாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்தப் பெயர் இருக்கும். 1966-இல் தொடங்கி, 1978-இல் அந்தப் பெயரைப் பெற்று, 2020 செப்டம்பரில் வேறு இரண்டு பிரிவுகளோடு இணைந்து 'கோர்' ஆகிவிட்டது. இணைந்த மற்ற இரண்டில் ஒன்று பட்டியலாக்கம், நூல்சேர்ப்பு, பாதுகாப்புக்கானது, மற்றொன்று நிர்வாகத்துக்கானது. தொழில்நுட்பம் எல்லா மேசைக்கும் வந்துவிட்ட பிறகு அதற்கென்று தனி அறை வைத்துக்கொள்வது கடினம் என்பதை இந்த இணைப்பில் பார்க்கிறேன். அவர்களுடைய 'இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி அண்ட் லைப்ரரீஸ்' இதழை உறுப்பினராகாமலே இலவசமாகப் படிக்கலாம். கோட்4லிப் என்ற அமைப்பில்லாக் குழுவின் இதழும் 2007 முதல் அப்படியே. ஆராய்ச்சிப் பக்கம் நாட்டம் உள்ளவர்களுக்கு 1937-இல் அமெரிக்க ஆவணப்படுத்தல் நிறுவனமாகத் தொடங்கி, இன்று தகவல் அறிவியல் தொழில்நுட்பச் சங்கமாக இருக்கும் அமைப்பு பொருந்தும். டாலரில் சந்தா கட்டுவதற்கு முன், அந்த அமைப்பு இலவசமாகத் தருவதை ஓராண்டு முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். அதற்கு மேலும் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் கட்டுங்கள்.

ஆயுள் சந்தா பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எல்லாச் சங்கமும் அதைத்தான் முதலில் கேட்கும். மொத்தமாகப் பார்த்தால் லாபம்போலவும் தெரியும். என் பரிந்துரை, முதலில் ஆண்டு உறுப்பினராகச் சேருங்கள். பொதுக்குழு ஒன்று, மாநாடு ஒன்று, இரண்டையும் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். தமிழ்நாட்டில் பதிவான சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கையான கணக்கை வைக்க வேண்டும். துணைவிதிகளின் படி ஒன்றையும் கடந்த ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடக்கும் சங்கத்தின் செயலாளர் மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுப்பார். தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, செயற்குழுவில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மாவட்டங்களிலிருந்து யாராவது உண்டா என்பதையும் பாருங்கள். உங்கள் கல்லூரி நிறுவன உறுப்பினராக இருந்தால் அது உங்கள் உறுப்பினர் தகுதி ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். கல்லூரி மாறினால் அது உங்களோடு வராது.

சேருமுன் ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். அந்தத் தாளில் எழுதிய ஐந்தில் ஒன்று போதும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். திரைப்பிடிப்பு இணைத்தால் அதில் வாசகர் பெயரும் எண்ணும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். பதில் எத்தனை நாளில் வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று கவனியுங்கள். "எனக்குத் தெரியாது, ஆனால் இன்னாருக்குத் தெரியும்" என்ற பதிலும் நல்ல பதில்தான். அந்த இன்னாரை உங்களுக்குத் தேடிக் கொடுத்ததற்காகவே அங்கே சேரலாம்.

கடைசியாக ஒன்று. கணினி தெரிந்தவர் என்றால் சேர்ந்த முதல் வருடமே சங்கத்தின் இணையதளத்தை உங்கள் தலையில் வைப்பார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், அது நல்ல தொடக்கம். ஆனால் டொமைன் பெயரை உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதியாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் அப்படிப் பதிந்த இளைஞர் வேலை கிடைத்து வெளிநாடு போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அவர் திறக்காத பழைய மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருந்தன. பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பதினைந்து வருட மாநாட்டுக் கட்டுரைகள் அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தன. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் ஆளுக்கொரு உறையில் வைத்திருக்கட்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியைச் செயற்குழுக் கூட்டப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். கட்டுரைகளின் படி ஒன்றை உங்கள் நூலகக் களஞ்சியத்திலும் ஏற்றிவையுங்கள்.